நான்கு வரை நல்ல கண்

மான்செஸ்டர் பேராசிரியர் ஜெவன்ஸ் கறுப்பு அவரை விதைகளை அள்ளி அள்ளித் தட்டில் எறிந்தார். எண்ணாமல், பார்த்த மாத்திரத்தில் எத்தனை என்று சொல்லவேண்டும். ஆயிரம் தடவைக்கு மேல் எறிந்து, 1871-இல் முடிவை வெளியிட்டார்: நான்கு வரை கண் ஒருமுறையும் பிசகவில்லை, ஐந்தில்தான் தடுமாற்றம்!

எனக்குப் பல்லாங்குழிதான் ஞாபகம் வந்தது. குழியில் நான்கு சேர்ந்ததும் 'பசு' என்று அள்ளுகிறோமே, விரல்விட்டா எண்ணுகிறோம்? 1949-இல் அமெரிக்க உளநூலார் இத்திறனுக்கு, 'திடீர்' எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பெயர் சூட்டினார்கள். நம் பாட்டிமார் பெயரில்லாமலே பழக்கிவிட்டார்கள்.

நாமோ மூன்று வயதுக் குழந்தை நூறு வரை ஒப்பித்தால் பூரித்துப் போகிறோம். வாய் நூறு சொல்லும். கண்ணுக்கு மூன்று தெரியவேண்டாமா? மூன்று புளியங்கொட்டையைக் காட்டி, சட்டென்று கையால் மூடி, "எத்தனை?" என்று கேளுங்கள். கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.