கூண்டுக்குள் ஒரு வெயில் – உடும்பு வளர்ப்பின் வரலாறு

'உடும்புப் பிடி' என்பது தமிழில் பழகிய சொல். பற்றியதை எளிதில் விடாத பிராணி அது. ஆனால் அந்த உடும்பையே பிடித்துக் கூண்டில் வைத்தால், அதை நெடுநாள் உயிரோடு காப்பது பெரும்பாடாக இருந்தது. இரை கொடுத்தும் தண்ணீர் வைத்தும் மெலிந்து செத்தது ஏன்? முழு விடை கிடைக்க ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு ஆனது.

உடும்பு தனக்கு வேண்டிய வெப்பத்தை வெளியிலிருந்துதான் பெறுகிறது. வெயிலில் காய்ந்து உடலைச் சூடேற்றிக்கொள்ளும்; சூடு மிஞ்சினால் நிழலுக்கோ வளைக்கோ போய்விடும். உடல் சூடானால்தான் தின்ற இரை செரிக்கும். ஆகவே அறை முழுவதும் ஒரே சீரான கதகதப்பு இருந்தால் போதாது. சூடான இடமும் குளிர்ந்த இடமும் அருகருகே இருக்க வேண்டும்.

லண்டனில் ஒரு பெண்

உலகின் முதல் ஊர்வனக் காட்சியகம் 1849-ல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் திறக்கப்பட்டது. ஆனால் ஊர்வன வாழும் முறைக்கு ஏற்றபடி ஒரு கட்டடத்தையே அங்கு அமைத்தவர் ஜோன் பீச்சம்ப் புராக்டர் (1897–1931). பள்ளி நாட்களிலேயே முதலைக் குட்டி வளர்த்தவர் இவர். தீராத வயிற்று நோயால் கல்லூரிப் படிப்பைக் கைவிட்டு, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஊர்வன ஆய்வாளர் பூலஞ்சரிடம் பணி கற்றார். 1923-ல் காட்சிசாலையின் ஊர்வனப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார்.

அவர் திட்டமிட்ட கட்டடம் 1927-ல் திறக்கப்பட்டது. கூண்டுகளுக்குள் சில இடங்கள் மட்டும் கூடுதலாகச் சூடேறும்படி மின்சாரம் அமைக்கப்பட்டது. சாதாரணக் கண்ணாடி சூரியனின் புற ஊதாக் கதிரில் தேவையான பகுதியைத் தடுத்துவிடும் என்பதால், அதை உள்ளே விடும் 'வைட்டா' கண்ணாடி பொருத்தப்பட்டது. அந்தக் கதிர் பட்டால் உடலில் வைட்டமின் டி உண்டாகும், எலும்பு உறுதிப்படும்.

அதே ஆண்டு உடும்பு இனத்திலேயே பெரியதான கொமோடோ டிராகன் இரண்டு அங்கு வந்தன. ஒன்றின் பெயர் சும்பாவா. அது புராக்டருடன் காட்சிசாலையில் உலா வரும் அளவுக்குப் பழகியது. மூர்க்கப் பிராணி என்று பேசப்பட்டது, தக்க பராமரிப்பில் சாதுவாக இருந்தது! புராக்டரோ 34 வயதிலேயே இறந்துபோனார்.

சிறிய உடும்பின் தேவை

இன்று பல நாடுகளில் வீட்டில் வளர்க்கப்படும் சிறிய உடும்பு, ஆஸ்திரேலியாவின் முள்வால் உடும்பு. புராக்டரின் ஆசான் பூலஞ்சரே 1885-ல் இதற்கு அறிவியல் பெயர் இட்டார். வால் நுனி வரை சேர்த்தும் இரண்டேகால் அடியைத் தாண்டுவது அரிது. வறண்ட நாட்டுப் பிராணி என்பதால் கொஞ்சம் காய்ந்த மணல் போதும் என்று வளர்ப்பவர்கள் நினைத்தனர். இது தவறு. காட்டில் அது பாறைக்கு அடியில் தோண்டும் வளைக்குள் ஈரப்பதம் இருக்கும். காய்ந்த கூண்டில் உடல் நீர் வற்றியது. தோண்ட மண் கிடைக்காத பெண் உடும்பு, முட்டையை வெளியேற்ற முடியாமலே செத்தது.

இதைத் திருத்தியவர்களில் அமெரிக்கரான ஃபிராங்க் ரெட்டெஸ் முக்கியமானவர். பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக, உடும்பு நுழையும் அளவு மட்டும் இடைவெளி விட்டு அடுக்கி, மேலே விளக்கை வைத்தார். மேல் பலகை 50 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகும். கீழே போகப் போகச் சூடு குறையும். ஒளிந்தபடியே உடும்பு தனக்கேற்ற தட்டைத் தேர்ந்துகொள்ளலாம். இந்த அடுக்கு இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. கூண்டில் உடும்புகள் பல தலைமுறை பெருகியதைப் பற்றி 2001-ல் டேனியல் பென்னட்டுடன் சேர்ந்து அவர் கட்டுரையும் வெளியிட்டார்.

இன்று முள்வால் உடும்புக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம் என்பது குறைந்தபட்ச அளவாகவே கருதப்படுகிறது. ஈரமான மண் ஓரடி ஆழமாவது வேண்டும். ஒரு முனையில் விளக்கும் அடுக்கும், மறுமுனையில் குளிர்ச்சியும், மேலே புற ஊதா விளக்கும் தேவை.

இந்தியாவில் இதை முயல இடமில்லை. இங்குள்ள உடும்பு வகைகள் அனைத்தும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். வேறு நாடுகளில் வளர்ப்பவர்கள் உடும்பு வாங்கும் முன்பே கூண்டை முடித்து, சில நாள் விளக்கை எரியவிட்டு வெப்பத்தை அளந்து பார்ப்பது நல்லது. எத்தனையோ உடும்புகள் செத்த பிறகு கற்ற பாடம் இது.