மதிலும் மேடுபள்ளமும்

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு, ‘தூக்கு இயந்திரம்’ என்பதற்கு வரையறை தந்தது: கிரேன், வின்ச், கப்பி முதலியன. அந்த வரிசையில் ஃபோர்க்லிஃப்ட் இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின் கிடங்குகளில் அவ்வியந்திரம் முன்பே பழகிப்போயிருந்தது. எனினும் சட்டம் அஞ்சியது சங்கிலி அறுந்து சுமை விழுவதைத்தான். ஆகவே அப்பிரிவு கயிற்றின் வலிமையையும் 12 மாதங்களுக்கு ஒருமுறை நிகழவேண்டிய சோதனையையும் பேசியது. தரையைப் பேசவில்லை.

ஃபோர்க்லிஃப்ட்டுக்கோ தரையே எல்லாம். நான்கு சக்கரமும் நிலத்தில் பதியவேண்டும் என்பதற்காக அதன் பின் அச்சு நடுவில் ஒற்றை முளையில் அசையுமாறு பொருத்தப்படுகிறது. மேடுபள்ளத்துக்குச் செய்த அந்த ஏற்பாடே வண்டியின் தாங்குதளத்தை முக்கோணமாகச் சுருக்கிவிடுகிறது: முன்சக்கரங்கள் இரண்டு, பின்முளை ஒன்று. எடைமையம் அம்முக்கோணத்தை விட்டு விலகினால் வண்டி கவிழும். முன்சக்கரங்களின் இடைவெளி 1 மீட்டர் என்க. ஒரு சக்கரம் 5 செ.மீ. குழியில் இறங்கினால், 4 மீட்டர் உயரத்தில் இருக்கும் சுமை ஏறத்தாழ 20 செ.மீ. பக்கவாட்டில் நகரும். கரடுமுரடான நிலத்துக்கென்றே வந்த பெருஞ்சக்கர வண்டிகளும் இக்கணக்குக்குக் கட்டுப்பட்டவையே. சுமையைத் தாழ்த்தியே ஓட்டுக, சரிவில் சுமை மேட்டுப்பக்கம் இருக்கட்டும், சரிவில் திருப்பாதே, கவிழ்ந்தால் வெளியே குதிக்காதே என்னும் விதிகள் யாவும் இதிலிருந்து பிறந்தவை.

இந்தியச் சட்டமோ நிலத்தின் சரிவைக் கேட்கும் முன் மதிலைக் கேட்டது. தொழிற்சாலையிலோ வேறு அடைப்பான வளாகத்திலோ மட்டும் இயங்கும் சிறப்புவகை வண்டி, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி மோட்டார் வாகனமே அன்று. ஓட்டுநர் உரிமம் பற்றிய கேள்வியும் அவ்வாசலிலேயே நின்றுவிடுகிறது. ஒடிசாவின் பொலானி இரும்புச் சுரங்க வண்டிகளைப் பற்றி 1974இல் உச்ச நீதிமன்றம் வளாகத்துக்குள் மட்டும் ஓடுபவற்றுக்கு வரியில்லை எனத் தீர்ப்பளித்தது. வழக்கு வரியைப் பற்றியது, ஓட்டுபவரைப் பற்றியதன்று. மதில் எழுப்பியதால் உள்ளிருக்கும் குழி நிரம்பிவிடுவதில்லை.

துறைமுகத்துக்கு 1986இலும் கட்டுமானத்துக்கு 1996இலும் தனித்தனிப் பாதுகாப்புச் சட்டங்கள் வந்தன. ஒரே வண்டி, ஒரே சேறு. ஆனால் நிற்கும் இடத்தின் பெயர் மாறினால் சட்டமும் மாறியது. 2020ஆம் ஆண்டுத் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பு இவை உள்ளிட்ட 13 சட்டங்களை ஒன்றாக்கியது. அதிலும் ‘நிறுவனம்’ என்னும் பொது வரையறை 10 தொழிலாளரிடமிருந்தே தொடங்குகிறது. ஒரு ஃபோர்க்லிஃப்ட்டும் ஆறு பேருமாக இயங்கும் திறந்தவெளிச் சரக்குக் களம் அவ்வரையறைக்குள் வாராது.