எட்டுக் குருவிகள்

1925 நவம்பரில், லண்டன் கென்சிங்டன் பூங்காவில் மேக்ஸ் நிக்கல்சன் என்ற 21 வயது இளைஞர் சிட்டுக்குருவிகளை எண்ணினார்: 2,603. அதே பூங்காவில் 1948இல் 885. 1975இல் 544. 2000இல் வெறும் 8.

முதல் சரிவு குதிரை வண்டிகள் மறைந்ததால் என்பார்கள். குதிரைகள் சிந்திய ஓட்ஸ்தான் நகரக் குருவிகளின் தீனி. பிந்தைய சரிவுக்கு ஒற்றைக் காரணம் இல்லை. குஞ்சுகளுக்கு ஊட்டப் பூச்சிகள் குறைந்தன, கூடு கட்டக் கூரை இடுக்குகளும் குறைந்தன.

1758இல் லின்னேயஸ் இட்ட பெயரிலேயே 'வீட்டுக்குரியது' என்ற பொருள் உண்டு. சங்கப் புலவர்களும் இதை மனையில் வாழும் குருவியாகவே அறிந்தார்கள்.

குளிருக்குப் பயந்து என் வீட்டுக் கூரை இடுக்குகளை நானும்தான் அடைத்தேன். பிறகு மனம் கேட்காமல் ஒரு மரக்கூடு மாட்டினேன். இரண்டு வசந்தம் கடந்தும் யாரும் குடிவரவில்லை.