பாதியில் போனவர்களின் கணக்கு

வீட்டு ரேடியோவில் வால்வு போனால் புதிது வாங்கி மாட்டிவிடலாம். கடலடியில் கிடக்கும் டெலிபோன் கேபிளில், குரல் தேயாமல் தூக்கிவிடும் கருவிக்குள் இருக்கும் வால்வு போனால்? கப்பலை அனுப்பிக் கேபிளையே மேலே இழுக்க வேண்டும். அந்த வால்வு எத்தனை காலம் உழைக்கும் என்று முன்கூட்டியே சொல்லியாக வேண்டிய கவலை, 1953-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் எட்வர்ட் கேப்லனுக்கு வந்தது. சோதனைக்கு வைத்த வால்வெல்லாம் எரிந்து தீரும்வரை காத்திருக்க முடியுமா?

ஓராண்டு முன்னதாக, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் மையருக்கும் இதே தலைவலி. புற்றுநோயாளிகளின் ஆயுள் பற்றி புள்ளியியலாளர் மேஜர் கிரீன்வுட் எழுதிய கட்டுரை அவரை இதில் இழுத்துவிட்டது. (மேஜர் என்பது பட்டாளப் பதவி அல்ல, பெயரே அதுதான்.)

சிக்கல் இதுதான். பத்து நோயாளிகள். மூன்றாம் மாதம் ஒருவர் இறக்கிறார். ஐந்தாம் மாதம் ஒருவர் ஊர் மாறிப் போய்விடுகிறார்; பிறகு தகவலே இல்லை. ஏழாம் மாதம் இன்னொருவர் இறக்கிறார். ஊர் மாறியவரை எந்தப் பக்கம் சேர்ப்பது? இறந்தவராக எழுதினால் பொய். பட்டியலிலிருந்தே அடித்துவிட்டால், ஐந்து மாதம் உயிரோடிருந்த சாட்சியம் வீண்.

இருவர் கண்ட வழியும் ஒன்றே: மரணம் நேரும் ஒவ்வொரு தடவையும், அந்த நேரத்தில் கண்காணிப்பில் இருப்பவர்களை மட்டும் எண்ணு. முதல் மரணத்தின்போது பத்துப் பேரில் ஒன்பது பேர் பிழைத்தார்கள். இரண்டாவதன்போது இருந்தவர்கள் எட்டுப் பேர், பிழைத்தவர்கள் ஏழு பேர். 9/10-ஐ 7/8-ஆல் பெருக்கினால், ஏழாம் மாதத்தைத் தாண்டி உயிரோடிருக்கும் வாய்ப்பு சுமார் 79 சதவீதம். பள்ளிப் பிள்ளை போடும் பெருக்கல்தான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: போனவர் நோய் முற்றியதால் போயிருக்கக் கூடாது. அப்படிப் போயிருந்தால் கணக்கு நம்மை ஏமாற்றும். இதைச் சோதிக்காமல் இந்தக் கணக்கின் வரைபடத்தை மட்டும் காட்டும் ஆய்வை நான் நம்புவதில்லை.

கேப்லன் தன் கையெழுத்துப் பிரதியை புள்ளியியலாளர் ஜான் டூக்கியிடம் காட்டியபோதுதான் மையரின் வேலை பற்றித் தெரிந்தது. இரண்டு பிரதிகளும் ஒரே புள்ளியியல் இதழுக்குப் போயின. சேர்ந்து ஒரே கட்டுரையாக எழுதுங்கள் என்றது இதழ். வழி ஒன்றானாலும் அதை இருவரும் அணுகிய விதம் வேறு; இரண்டையும் இணைக்க நான்கு வருடக் கடிதப் போக்குவரத்து. அதற்குள் வேறு யாராவது முந்திவிடுவார்களோ என்ற பயம் வேறு. கட்டுரை 1958-ல் அச்சானது.

புற்றுநோய் மருந்து ஆய்வுகளில் படிக்கட்டுபோல் இறங்கும் கோடு இவர்களுடையதுதான். அடுத்த முறை அதைப் பார்த்தால், கோட்டின்மேல் ஆங்காங்கே சின்னக் குத்துக்கோடுகள் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். ஊர் மாறிப் போனவர் அங்கேதான் இருக்கிறார்.