சாயவேரின் மறைபொருளும் அரசுகளின் களவும்

வைகைக் கரையில் அமைந்த பரமக்குடி, நெசவினால் அறியப்படும் ஊர். மறுகரையிலுள்ள எமனேசுவரத்தையும் சேர்த்து நோக்கின், சௌராட்டிர மொழி பேசும் நெசவாளர் பலர் தலைமுறை தலைமுறையாகத் தறியை நம்பி வாழ்ந்துவரும் பகுதி இது. இங்கிருந்து கிழக்கே இராமேசுவரம் வரை நீளும் மணற்பாங்கான கரையில் இம்பூறல் என்னும் சிறு செடி வளர்கிறது. அதன் வேரையே நம் முன்னோர் சாயவேர் என்றனர். பருத்தித் துணிக்கு வெளுக்காத செந்நிறத்தைத் தந்தது அவ்வேரே. சோழமண்டலக் கரையின் வண்ணத்துணிகள் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியச் சந்தைகளில் பெரிதும் விரும்பப்பட்டதற்கு அச்செந்நிறம் ஒரு தலையாய காரணம்.

ஒருவன் பிறனுடைய பொருளைக் கவர்ந்தால் அது களவு என்பதில் ஐயமில்லை. ஓர் அரசு தன் நாட்டுத் தொழிலை வளர்க்கும் பொருட்டு அயல்நாட்டுக் கைவினைஞரின் தொழில் மறைபொருளைக் கவர்ந்தால் அதனை என்னென்று அழைப்பது? நம் கடற்கரையின் வரலாற்றைக் கொண்டே இவ்வினாவை ஆராய்வது தகும்.

1. தடையும் தேட்டமும்

இந்திய வண்ணத்துணிகளின் வரவால் தம் நாட்டுக் கம்பள, பட்டு நெசவாளர் நலிவுறுவர் என ஐரோப்பிய அரசுகள் அஞ்சின. பிரான்சு 1686-ஆம் ஆண்டில் அத்துணிகளைத் தடை செய்தது. 1759 வரை அத்தடை நீடித்தது. இங்கிலாந்து 1700-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், அதனினும் கடுமையான 1721-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் இதே வழியில் சென்றது.

துணிக்குக் கதவை அடைத்த காலத்திலேயே அத்துணியைச் செய்யும் அறிவுக்கு வலைவீசப்பட்டது என்பது கருதத்தக்கது. துஃபே என்பவர் பிரெஞ்சு அறிவியற் கழகத்தின் உறுப்பினர். சாயத் தொழிலைச் சீர்செய்யும் பணியில் அந்நாட்டு அரசால் அமர்த்தப்பட்டவர். அவருடைய வேண்டுகோளின்படி, 1734-ஆம் ஆண்டளவில் போலியூ என்னும் கப்பல் அதிகாரி புதுச்சேரியில் வண்ணம் எழுதுவோரின் வேலையை அருகிருந்து கவனித்தார். ஒவ்வொரு படி முடிந்ததும் துணியில் ஒரு துண்டை வெட்டித் தம் குறிப்பேட்டில் இணைத்தார். அக்குறிப்பேடு இன்றும் பாரிசில் பாதுகாக்கப்படுகிறது.

2. ஒரு குருவானவரின் மடல்

இவ்வரலாற்றில் திருச்சபையினர் சிந்திக்கவேண்டிய பகுதி இனித்தான் வருகிறது. 1742-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், இயேசு சபைக் குருவானவராகிய கேர்தூ, பாரிசிலிருந்த தம் சபைக் குரு து ஆல்ட் என்பவருக்கு ஒரு நீண்ட மடல் எழுதினார். வடமொழிக்கும் கிரேக்க, இலத்தீன் மொழிகளுக்கும் உள்ள உறவைப் பிற்காலத்தில் எடுத்துக்காட்டிய அறிஞர் இவரே. துணியில் வண்ணம் எழுதும் முறையை அம்மடல் முழுமையாக விளக்குகிறது. துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைப்பர். சிவப்பு வேண்டிய இடங்களில் படிகாரக் கரைசலால் எழுதுவர். பின்னர்ச் சாயவேர் நீரில் காய்ச்சுவர். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் செந்நிறம் நிலைபெறும். நீலம் வேண்டின், ஏனைய இடங்களை மெழுகால் மூடி அவுரியில் தோய்ப்பர்.

இச்செய்திகளை அவர் எங்கிருந்து பெற்றார்? தம்மிடம் அண்மையில் திருமுழுக்குப் பெற்ற, அத்தொழிலில் தேர்ந்த சிலரிடமிருந்து பெற்றதாக அவரே எழுதுகிறார். அவர்களை வெவ்வேறு வேளைகளில் தனித்தனியே வினவி, விடைகளை ஒப்புநோக்கி உறுதிசெய்துகொண்டதாகவும் கூறுகிறார். ஐரோப்பியச் சாயத் தொழிலுக்கு இது பயன்படும் என்பதே அவருடைய எண்ணம். அம்மடல் இயேசு சபையினரின் மடற்றொகுப்பில் அச்சேறி எவரும் படிக்கக்கூடியதாயிற்று.

ஐரோப்பிய அச்சுத்துணித் தொழில் இம்மடலால் மட்டுமே எழுந்தது என்பது மிகைக்கூற்று. அர்மீனிய வணிகர் வழியாகவும் பிற வழிகளிலும் இவ்வறிவின் பெரும்பகுதி முன்னரே சென்றிருந்தது. எனினும் விளைவைவிட வழி நம்மை உறுத்துகிறது. அக்கைவினைஞர்கள் வாய்திறந்தது வணிகனிடம் அன்று; தம் ஆன்மாவின் வழிகாட்டியாக ஏற்றுக்கொண்டவரிடம். தந்தை மகனுக்கு மட்டும் சொல்லித்தந்த தொழில், நம்பிக்கையின் வாயிலாக வெளியே சென்றது. அதற்கு ஈடாக அவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதைப் பற்றி அம்மடலில் பேச்சில்லை.

3. பதினெட்டுத் தொகுதிகள்

அடுத்த நூற்றாண்டில் இப்பணியை அரசே வெளிப்படையாக மேற்கொண்டது. இலண்டனில் இந்திய அமைச்சகத்தின் கீழ்ப் பணியாற்றிய ஃபோர்ப்ஸ் வாட்சன், 1866-ஆம் ஆண்டில் இந்தியத் துணிகளின் மாதிரிகள் 700-ஐப் பதினெட்டுத் தொகுதிகளாக்கினார். இருபது படிகள் உருவாயின. அவற்றுள் பதின்மூன்று பிரிட்டனிலேயே வைக்கப்பட்டன. ஏழு மட்டுமே இந்தியாவுக்கு வந்தன. இந்தியர் எவ்வகைத் துணியை விரும்பி உடுத்துகின்றனர் என்பதை பிரிட்டிஷ் ஆலையினர் கண்டறிந்து, அதுபோலவே நெய்து இந்தியருக்கே விற்கவேண்டும் என்பது இதன் நோக்கம். நெய்தவரின் பெயர் அத்தொகுதிகளில் இல்லை. முந்திய நூற்றாண்டில் நம் தொழிலறிவு அயல்நாட்டுச் சந்தைக்காகக் கொண்டுசெல்லப்பட்டது. இப்போதோ நம் சந்தையையே கைப்பற்றுவதற்காக எடுக்கப்பட்டது.

4. நாமும் பெற்றவர்களே

எனினும் நம்மைக் குற்றமற்ற தரப்பாக மட்டும் எண்ணிக்கொள்ளுதல் நேர்மையாகாது. 1860-ஆம் ஆண்டில் அதே இந்திய அமைச்சகம் கிளெமெண்ட்ஸ் மார்க்கம் என்பவரைத் தென்னமெரிக்காவுக்கு அனுப்பிச் சிங்கோனாக் கன்றுகளையும் விதைகளையும் கொணரச் செய்தது. பெரு நாட்டு உள்ளூர் அதிகாரிகள் தடுக்க முயன்றும் அவர் கன்றுகளோடு தப்பி வந்தார். எக்குவதோரிலிருந்து வேறொரு குழுவினர் அனுப்பிய கன்றுகள் 1861-இல் உதகமண்டலத்தை அடைந்தன. நீலகிரியில் தோட்டங்கள் எழுந்தன. நடுவட்டத்தில் குயினைன் உருவாயிற்று. மலைக்காய்ச்சலால் வாடிய பலர் பிழைத்தனர். அம்மருந்தால் நம் மக்கள் பெற்ற நன்மையை மறுக்க இயலாது. அம்மரத்தின் இயல்பை அறிந்து பேணிய ஆண்டிஸ் மலைமக்களுக்கு அந்நன்மையில் பங்கில்லை என்பதையும் மறுக்க இயலாது.

5. அளவுகோல் யாது?

ஆகவே, அறிவு நாடுவிட்டு நாடு செல்வதே தவறு என நாம் கூறவில்லை. அவ்வாறாயின் எழுத்தும் மருத்துவமும் உழவும் எங்கும் பரவியிரா. கற்றல் வேறு, கவர்தல் வேறு. அறிவைத் தந்தவனுக்கு அது எதன்பொருட்டுக் கேட்கப்படுகிறது என்று சொல்லப்பட்டதா? விளைந்த பயனில் அவனுக்குப் பங்கு உண்டா? கற்றுக்கொண்டவன் தன் சந்தையையும் அவனுக்குத் திறந்தானா? இவற்றுக்கு இல்லை என்பது விடையாயின், செய்தது அரசாயினும் அது களவே. சட்டமும் முத்திரையும் உடையவன் செய்தமையால் செயலின் தன்மை மாறாது என்பதை நாபோத்தின் திராட்சத்தோட்ட வரலாறு (1 இராஜாக்கள் 21) என்றோ உணர்த்திவிட்டது.

இன்று நிலை மாறியுள்ளது. அமெரிக்க ஐக்கிய நாடு 1996-இல் பொருளாதார உளவுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. 1995-இல் நடைமுறைக்கு வந்த உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்பாடும் வணிக மறைபொருளைக் காக்கிறது. கவர்ந்து செல்வம் சேர்த்த நாடுகள், சேர்த்தபின் கவர்தலைக் குற்றமாக்கின எனச் சிலர் எள்ளுவர். அதில் உண்மை உண்டு. ஆயினும் பழைய களவைக் காட்டிப் புதிய களவை நியாயப்படுத்தும் அரசுக்கும் அது துணையாகாது. களவுகொடுத்தவன் களவு செய்வதால் முதற்களவு நேராவதில்லை.

நம் நாட்டிலும் கைத்தறிக்கெனச் சில வகைத் துணிகளை ஒதுக்கும் சட்டம் 1985-இல் வந்தது. தறிக்காரர் பல நாள் முயன்று அமைத்த கரையையும் புட்டாவையும் விசைத்தறி விரைவில் படியெடுத்துவிடும் என்பதே அச்சட்டத்துக்குத் தேவை எழுந்ததன் காரணம். வாட்சனின் தொகுதிகள் செய்த வேலையை இன்று நம்மவரே நம்மவருக்குச் செய்யலாகாது.

பெசலெயேலின் கைத்திறனைத் தேவன் அருளிய ஈவு என யாத்திராகமம் (31-ஆம் அதிகாரம்) காட்டுகிறது. அதனை நம்பும் சபை, பரமக்குடித் தறியில் அமர்ந்திருப்பவரின் அறிவையும் அவ்வாறே மதிக்கக் கடமைப்பட்டது. குறிப்பாக, மக்கள் தம் வாழ்வை நம்பி நம்மிடம் திறந்து பேசும்போது, கேட்டதை யாருக்காகக் கொண்டுசெல்கிறோம் என்று ஒவ்வொரு போதகரும் ஆய்வாளரும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். கேர்தூ கல்வியில் சிறந்தவர். தீய எண்ணமும் அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆயினும் இக்கேள்வியை அவர் எழுப்பியதாக அம்மடலில் காணோம்.