பழைய புல்லட்டின் கார்ப்பரேட்டர்: பிரித்துப் பூட்டிய பின் வரும் கோளாறுகள்

கார்ப்பரேட்டர் மறுசீரமைப்பு: பழைய மோட்டார் சைக்கிளின் கார்ப்பரேட்டரைக் கழற்றிப் பிரித்துக் கழுவி, தேய்ந்துபோன ஜெட், நீடில், ரப்பர் வளையம், பேக்கிங் ஆகியவற்றை மாற்றித் திரும்பப் பூட்டும் வேலை. புது ரிப்பேர் கிட் போட்ட பிறகு வண்டி முன்னைவிட மோசமாக ஓடுவது பட்டறைகளில் அடிக்கடி காணும் காட்சி. ஜெட் அளவைச் சந்தேகிப்பதுதான் வழக்கம். கோளாறோ பெரும்பாலும் பூட்டிய விதத்தில் இருக்கும். திருவொற்றியூர் ஆலையில் உருவான வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 350 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

அமாலும் மிக்கார்பும்

1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸின் கூட்டுறவில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்ட காலத்தில், இங்கிலாந்து புல்லட்டுகள் அமால் கார்ப்பரேட்டரில் ஓடின. அமாக், பிரவுன் அண்ட் பார்லோ, பிங்க்ஸ் என்ற மூன்று ஆங்கிலேய நிறுவனங்கள் 1920களின் பிற்பகுதியில் ஒன்றிணைந்து உருவானது அமால். ஃப்ளோட் அறையும் உடலும் ஒரே வார்ப்பாக அமைந்த அதன் மோனோபிளாக் வகை 1950களின் நடுவில் வந்தது. பிற்கால இந்திய 350களில் ஜப்பானின் மிக்குனி வடிவமைப்பைப் பின்பற்றிய மிக்கார்ப் வி.எம்.24 இடம்பிடித்தது.

இரண்டிலும் அடிப்படை ஒன்றே. ஆக்சிலேட்டர் கேபிள் ஓர் உருளை ஸ்லைடைத் தூக்குகிறது. அதில் தொங்கும் கூம்பு வடிவ நீடில், நீடில் ஜெட்டுக்குள் ஏறி இறங்கி பெட்ரோலை அளந்து விடுகிறது.

ஆக்சிலேட்டர் சொல்லும் இடம்

கோளாறு எந்த ஆக்சிலேட்டர் நிலையில் தலைகாட்டுகிறது என்பதே முதல் துப்பு. எட்டில் ஒரு பங்கு திறப்பு வரை பைலட் ஜெட்டின் ஆட்சி. அங்கிருந்து கால் பங்கு வரை ஸ்லைடின் அடியில் உள்ள வெட்டு கலவையைத் தீர்மானிக்கிறது. கால் முதல் முக்கால் வரை நீடிலும் நீடில் ஜெட்டும், அதற்கு மேல் மெயின் ஜெட்டும் பொறுப்பு. ஸ்லோவில் நிற்காத வண்டிக்கு மெயின் ஜெட்டை மாற்றிப் பயனில்லை. கைப்பிடி உறையில் கால், அரை, முக்கால் எனக் கோடு கிழித்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தால் ஊகத்துக்கு வேலை குறையும்.

பிளக்கின் நிறம் அடுத்த சாட்சி. கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். இளம் பழுப்பு சரியான நிலை.

ஸ்லோ சரியில்லையென்றால் பைலட் ஏர் ஸ்க்ரூவில் தொடங்கலாம். முழுக்க மூடி ஒன்றரைச் சுற்று திறப்பது வழக்கமான தொடக்க அளவு. இது காற்றைக் கட்டுப்படுத்தும் திருகு என்பதால் உள்ளே திருகினால் பெட்ரோலின் விகிதம் கூடும். வெளியே திருகினால் குறையும். எவ்வளவு திருகினாலும் இன்ஜின் சத்தம் மாறவில்லையா? பைலட் வழி இன்னும் அடைத்திருக்கிறது. ஜெட்டைக் குத்த இரும்புக் கம்பியோ ஊசியோ கூடாது. பித்தளைத் துளை அகன்றுவிடும். நைலான் இழையும் காற்றழுத்தமும் போதும்.

ஓவர்ஃப்ளோ

பூட்டியதுமே பெட்ரோல் ஒழுகினால் ஃப்ளோட் ஊசியின் இருக்கையில் தூசி சிக்கியிருக்கலாம், அல்லது ஃப்ளோட் உயரம் தவறியிருக்கலாம். இதைச் சோதிக்கக் கருவி வேண்டியதில்லை. பெட்ரோலை வடித்துக் கழற்றிய கார்ப்பரேட்டரின் பெட்ரோல் குழாயில் ஒரு சுத்தமான டியூபை மாட்டி வாயால் ஊத வேண்டும். நேராகப் பிடித்தால் காற்று போகும். தலைகீழாகக் கவிழ்த்தால் ஃப்ளோட்டின் எடையில் ஊசி அடைத்துக் காற்று நிற்க வேண்டும். வி.எம். வகையில் கவிழ்த்த நிலையில் ஃப்ளோட் கை, உடலின் பேக்கிங் பரப்புக்கு இணையாக இருப்பது சரியான உயரம். பித்தளை ஃப்ளோட்டாக இருந்தால் காதருகே குலுக்கிப் பார்ப்பார்கள். உள்ளே சலசலப்புக் கேட்டால் அது ஓட்டை.

ஏர் லீக், ஸ்லைடு

ஆக்சிலேட்டரை விட்டும் வேகம் மெதுவாகவே இறங்குவது, சைலன்சரில் பட்டாசு வெடிப்பது ஆகியவை ஏர் லீக்கின் அடையாளங்கள். அமாலில் இதற்குப் பேர்போன காரணம் ஃப்ளேன்ஜ் வளைவு. இரண்டு நட்டுகளையும் அளவுக்கு மீறி இறுக்கி இறுக்கி, தட்டையாக இருக்க வேண்டிய முகம் வில்லாக வளைந்துவிடும். வளைவு உடலையும் நெரிப்பதால் ஸ்லைடு நடுவழியில் சிக்கும். ஸ்லோவில் ஓடும்போது அந்த மூட்டில் சிறிது தண்ணீர் தெளித்து, ஓட்டம் மாறுகிறதா என்று பார்க்கலாம்.

அமாலின் உடல் துத்தநாகக் கலவை. பல ஆண்டு உரசலில் ஸ்லைடும் அதன் பாதையும் தேய்ந்திருந்தால் எந்த கிட்டும் ஸ்லோவைச் சீராக்காது. புது ஸ்லைடோ, பாதையில் ஸ்லீவோ தேவைப்படும்.

ஸ்லைடைத் தவறாகச் செருகுவது இன்னொரு வகை. வெட்டு ஏர் ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும். ஸ்லைடின் காடி உடலிலுள்ள முளையில் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் ஸ்லைடு முழுக்க இறங்காமல், கிக்கர் அடித்ததும் இன்ஜின் அலறும்.

கார்ப்பரேட்டர் குற்றமற்றதாக இருக்கும்போது

கண்டென்சர் பழுதானாலும் பாயின்ட் இடைவெளி தவறினாலும் வரும் மிஸ்ஸிங், பெட்ரோல் கோளாறு போலவே தோன்றும். பாயின்ட் திறப்பு 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்க வேண்டும். டேப்பெட் இறுக்கமாக இருந்தாலும் கார்ப்பரேட்டர் வாய்வழியே பெட்ரோல் துப்பும். இன்ஜின் குளிர்ந்த நிலையில் புஷ்ராடு விரலால் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. இவற்றைப் பார்த்த பிறகே கார்ப்பரேட்டரைத் தொடுவது அனுபவசாலிகளின் முறை.

எத்தனால் கலந்த பெட்ரோல்

பெட்ரோல் முழுதாக எரிய எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கே போதும். எனவே 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில், பழைய ஜெட் அளவுகள் காற்று மிகுந்த கலவையையே தரும். நீடில் கிளிப்பை ஒரு காடி கீழிறக்கினால் நீடில் உயர்ந்து பெட்ரோல் கூடும். தேவைப்பட்டால் மெயின் ஜெட்டை ஓரளவு பெரிதாக்குவார்கள். பழைய ரப்பர் வளையங்கள் எத்தனாலில் உப்பும். அமால் உதிரிகளை இன்றும் தயாரிக்கும் இங்கிலாந்தின் பர்லன் நிறுவனம், எத்தனாலைத் தாங்கும் ஃப்ளோட்டுகளையும் விற்கிறது.

எத்தனால் ஈரத்தை உறிஞ்சுவதால், நீண்ட நாள் நிறுத்தப்படும் வண்டியில் பெட்ரோல் டேப்பை மூடி, இன்ஜின் தானே அணையும்வரை ஓடவிட்டு, அடியில் மிஞ்சியதை வடித்துவிடுகிறார்கள்.