பிலாட்டீஸ் பிறந்த கதை

முதுகுவலி என்று பிசியோதெரபிஸ்ட் முன்னால் வந்து உட்காரும் இருபது வயதுப் பிள்ளைகளுக்கு இன்று பிலாட்டீஸ் சொல்லித்தருகிறார்கள். சினிமா நட்சத்திரங்களின் உடற்பயிற்சி என்று நம்மில் பலர் நினைத்திருக்கும் இது, உருவானது போர்க்காலத் தடுப்பு முகாமில்.

ஜோசப் பிலாட்டீஸ் 1883-இல் ஜெர்மனியின் மொன்ஷென்கிளாட்பாக் நகரில் பிறந்தவர். ஆஸ்துமா, ரிக்கெட்ஸ், ருமாட்டிக் காய்ச்சல் என்று சிறுவயது முழுக்கப் படுத்தியெடுத்த உடம்பு. அதைத் தேற்றவே ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை என ஒவ்வொன்றாகக் கற்றார். இங்கிலாந்துக்குப் போன இடத்தில் முதல் உலகப்போர் மூண்டது. ஜெர்மானியர் என்பதால் ஐல் ஆஃப் மேன் தீவின் நாக்கலோ முகாமில் அடைத்துவிட்டார்கள். 20,000-க்கும் மேற்பட்டோர் அடைபட்டுக் கிடந்த இடம் அது. வெறும் தரையில் படுத்துச் செய்யும் பயிற்சிகளை அங்கே மெருகேற்றி, உடன் இருந்தவர்களுக்கும் கற்றுத்தந்தார். எழ முடியாத நோயாளிகளின் கட்டிலில் ஸ்பிரிங் மாட்டிக் கைகால்களை அசைக்க வைத்தார் என்றும் சொல்வார்கள்.

1926-இல் அமெரிக்கா போனார். நியூயார்க்கின் எட்டாவது அவென்யூவில் வாழ்க்கைத் துணை கிளாராவுடன் பயிற்சிக்கூடம் நடத்தினார். தன் பயிற்சிமுறைக்கு அவர் வைத்த பெயர் 'கன்ட்ராலஜி'. ஜார்ஜ் பாலன்சின், மார்த்தா கிரஹாம் போன்ற நடன அமைப்பாளர்களின் கலைஞர்கள் அடிபட்டால் தேடிப்போனது அவரைத்தான். 1967-இல் காலமானார்.

முதுகுவலிக்காரர்களிடம் இது பரவ வழிவகுத்தவை பிற்கால ஆய்வுகள். 1996-இல் ஆஸ்திரேலியாவின் பால் ஹாட்ஜஸும் கேரலின் ரிச்சர்ட்சனும் ஒன்றைக் கவனித்தார்கள். நாம் கையைத் தூக்குமுன்பே, வயிற்றின் ஆழத்தில் இடுப்பைச் சுற்றி ஓடும் தசை இறுகிவிடுகிறது. கீழ்முதுகில் வலி உள்ளவர்களுக்கோ அது தாமதமாகிறது. அதுபோன்ற ஆழ்தசைகளுக்கு வேலை தருவதுதான் பிலாட்டீஸ்.

உதாரணத்துக்கு ஒரு பயிற்சி: மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்குங்கள். மூச்சை விட்டபடி அடிவயிற்றை மெல்ல உள்ளிழுத்து, இடுப்பு அசையாமல் ஒரு பாதத்தை மட்டும் தரையிலிருந்து எடுக்க வேண்டும். பார்க்க ஒன்றுமேயில்லை. செய்யும்போதுதான் இடுப்பு ஒரு பக்கம் சாய்வது தெரியும். அந்தச் சாய்வைத் தடுப்பதுதான் முழு வேலையும். வேகமாகச் செய்தால் பலன் போய்விடும்.

2015-இல் வந்த காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பின்படி, கீழ்முதுகு வலிக்குப் பெரிதாக எதுவும் செய்யாமல் இருப்பதைவிட பிலாட்டீஸ் நல்லது. மற்ற உடற்பயிற்சிகளைவிட மேலானது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. எனக்கு இது குறையாகப் படவில்லை. ஒரு பாய் போதும், மூச்சு வாங்காது, விடுதி அறையிலும் செய்யலாம். விடாமல் செய்ய முடிகிற பயிற்சிதான் இளைஞர்களுக்கு உதவும். விலை உயர்ந்த கருவிகள் அவசியமில்லை.

கால் மரத்துப்போனாலோ, காய்ச்சலோடு வலித்தாலோ, வலி இரவில் தூங்கவிடாமல் செய்தாலோ, காலையில் எழுந்ததும் முதுகு விறைப்பு அரைமணி நேரத்துக்குமேல் நீடித்தாலோ முதலில் மருத்துவரைப் பாருங்கள். மற்றவர்கள் ஆரம்பத்தில் சில நாட்களாவது பிசியோதெரபிஸ்டின் மேற்பார்வையில் கற்றுக்கொள்ளுங்கள். வீடியோ பார்த்து மட்டும் தொடங்க வேண்டாம்.